அம்மம்மாவுக்கு முற்றத்தில ஆக்கள் தெரியுது: கண்ணா, மூளையா, வேற ஏதுமா?

ஆரையம்பதிப் பேரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட அம்மம்மாவுக்கு வயது 81. ரெண்டு கண்ணிலயும் குளுக்கோமா, கண் நரம்பு மெல்ல மெல்லப் பழுதாகிற வருத்தம். கனகாலமா சொட்டு மருந்து விடுறா. வலது கண் கிட்டத்தட்ட முடிஞ்சுது, இடது கண்ணில நடுவில மட்டும் கொஞ்சம் பார்வை கிடக்கு. சீனி வருத்தம் இல்ல, பிரஷர் கொஞ்சம்.

விசயம் என்னண்டா, பின்னேரம் திண்ணையில இருக்கக்குள்ள முற்றத்தில ஆக்கள் தெரியுதாம். முழங்கால் உசரம்தானாம். தலையில தொப்பியோ தலைப்பாகையோ ஒண்டு, சிவப்பும் பச்சையுமா உடுப்பு. வரிசையா வந்து கிணத்துக் கட்டுக்குள்ளால நடந்து போகுதுகளாம். ஒரு சத்தமும் இல்ல. சுவரைப் பாத்தா பன்பாய் பின்னின மாதிரி கட்டம் கட்டமா ஒண்டு படர்ந்து நிக்குதாம்.

அவ பயப்பிடுறயில்ல. "அதுகள் மெய்யில்ல எண்டு எனக்குத் தெரியும் மனே, மெய்யான ஆக்கள் கிணத்துக் கட்டுக்குள்ளால போவாங்களா?" எண்டு என்னையே கேக்கிறா. மனசு நல்ல தெளிவு. எந்த வயலுக்கு எத்தனை மூடை குத்தகை, ஆரிட்ட எவ்வளவு பாக்கி எல்லாம் பிழைக்காமச் சொல்லுவா.

மாமா, கோயில் பூசையும் பேய்க் கழிப்பும் செய்யிற கட்டாடியாரிட்டக் கூட்டிக்கொண்டு போவம் எண்டு நிக்கிறார். பெரியம்மா இது மனவருத்தம், குளிசை எடுக்கோணும் எண்டு சொல்றா. எனக்கு விளங்காத இடம் வேற. கலண்டரில இருக்கிற பெரிய இலக்கமே தெரியாத ஆளுக்கு அந்தச் சின்ன ஆக்களிட உடுப்புக் கரையில இருக்கிற வேலைப்பாடு தெரியுது. கண்ணால பாக்கிறதெண்டா அது எப்பிடி? மூளையில என்ன நடக்குது? தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் விளக்கமா எழுதுங்க.

வெள்ளைமணல் எழுதியது:

எங்கட அயலிலயும் ஒரு அம்மாவுக்கு இப்பிடி இருந்தது. ஒரு கழிப்புக் கழிச்சு நூல் கட்டின பிறகு நிண்டிட்டு. பெரிய செலவில்ல. ஒருக்காச் செய்து பாருங்களன்.

உயிரியல் சேர் எழுதியது:

தம்பி, நீங்க எழுதின ஒவ்வொரு வரியும் ஒரே பக்கத்தைத்தான் காட்டுது. பார்வை குறைஞ்ச வயசாளி, சத்தமில்லாத சின்ன ஆக்கள், தொப்பி, நிற உடுப்பு, சுவரில கட்டம், மெய்யில்ல எண்டு அவவே சொல்றது. நான் டொக்டர் இல்ல. களுவாஞ்சிகுடியில உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறன். நரம்பியல் வாசிக்கிற பழக்கம் இருக்கு. கண் கிளினிக்கில உறுதிப்படுத்துங்க. ஆனா இது சார்ள்ஸ் பொனே நோய்க்குறி எண்டு சொல்ற நிலையாத்தான் இருக்க வேணும்.

பொனே ஜெனீவாவில இருந்த இயற்கை ஆராய்ச்சியாளர். அவரிட தாத்தா சார்ள்ஸ் லுல்லாங், ரெண்டு கண்ணுக்கும் புரை ஒபரேஷன் செய்தும் பார்வை மங்கிப்போன மனிசன், 90 வயதை அண்டினவர். அவருக்கு ஆண்கள், பெண்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எல்லாம் கண்முன்னால வந்து போகும். மனிசனுக்குப் புத்தி நல்ல தெளிவு. வாறது ஒண்டும் நிசமில்ல எண்டு அவருக்கே தெரியும். பேரன் பொனே இதை 1760இல எழுதி வச்சார். உங்கட அம்மம்மா சொல்றதை 260 வருசத்துக்கு முந்தி ஜெனீவாவில ஒரு கிழவர் சொல்லிப் போட்டார்.

இனி உங்கட கேள்வி. நாங்க கண்ணால பாக்கிறம் எண்டு சொல்றம். கண் அனுப்புறது வெறும் மின்துடிப்பு. அது பார்வை நரம்பால போய், தலமசு எண்ட இடத்தில ஒருக்கா மாறி, பின்தலையில இருக்கிற பார்வைப் புறணி எண்ட மூளைப் பகுதிக்கு வருது. அங்கதான் கோடு, விளிம்பு, நிறம், அசைவு, முகம் எண்டு படி படியாப் பிரிச்சு வேலை நடக்குது. இந்தக் கலங்கள் சும்மா இருக்கிற சாதி இல்ல. கண்ணில இருந்து வாற வரத்துக் குறைஞ்சா, கொஞ்சக் காலத்தில, துடிக்கத் தேவையான தூண்டல் அளவைக் குறைச்சுக்கொண்டு, தாங்களே தன்பாட்டில துடிக்கத் தொடங்கும். முகத்துக்கான கலங்கள் துடிச்சா முகம் தெரியும். கண்ணில பழுது வந்த இடம் விழித்திரையும் நரம்பும். பின்தலை முழுசா, கூர்மையா அப்பிடியே கிடக்கு. கலண்டர் இலக்கம் பழுதான வழியால வரோணும், அதால மங்கல். உடுப்புக் கரை அந்த வழியாலயே வாறயில்ல, அதால துலக்கம்.

ஆரையம்பதிப் பேரன் எழுதியது:

நன்றி சேர். வாசிச்சுப் போட்டு அம்மம்மாவுக்கும் சொன்னன். "அப்ப எனக்குப் பேய் இல்ல" எண்டு மாமாவுக்குக் கேக்கச் சொன்னா. ஆனா ஒரு சந்தேகம். இதை ஆரும் அளந்து பாத்திருக்காங்களா? இல்ல, பொருத்தமாச் சொல்ற கதைதானா?

உயிரியல் சேர் எழுதியது:

நல்ல கேள்வி. அளந்திருக்காங்க.

1998இல லண்டனில டொமினிக் ஃபிச் எண்டவரும் கூட்டாளிகளும் பொனே நோய்க்குறி இருக்கிற ஆக்களை மூளையில எந்த இடம் வேலை செய்யிது எண்டு காட்டுற எஃப்எம்ஆர்ஐ மெசினுக்குள்ள படுக்க வச்சு, காட்சி வரக்குள்ள சைகை காட்டச் சொன்னாங்க. நிறம் கண்டவருக்கு மூளையின்ர அடிப்பக்கத்தில நிறத்துக்கான பகுதி எழும்பினது. முகம் கண்டவருக்கு முகத்துக்குரிய பகுதி. அதோட, காட்சி தெரியுது எண்டு ஆள் சைகை காட்ட முந்தியே அந்த இடத்தில ஏற்றம் தொடங்கியிருந்தது. ஆள் நினைச்சு வரவழைக்கிறதில்ல, வந்த பிறகுதான் ஆளுக்குத் தெரியுது எண்டதுக்கு இதை விட என்ன வேணும்?

மற்றது 2004இல பொஸ்டனில செய்தது. கண் நல்லா இருக்கிற 13 பேருக்கு 5 நாள் கண்ணை இறுக்கக் கட்டி விட்டாங்க. 10 பேருக்குக் காட்சி வந்தது. சிலருக்கு வெறும் வெளிச்சப் பொட்டு, சிலருக்கு முகம், கட்டடம், சூரிய அஸ்தமனம் எண்டு முழுக் காட்சி. ஒருத்தருக்கும் மனவருத்தம் இல்ல. கட்டை அவிழ்த்த பிறகு எல்லாருக்கும் போயிட்டு.

இதே கணக்கை எங்கட பக்கத்தில வேற உருவத்தில எல்லாரும் கேட்டிருப்பீங்க. சண்டைக் காலத்தில மிதிவெடியில கால் போன ஆக்கள் எத்தனை பேர்? இல்லாத பாதத்தில கடிக்குது, விரல் மடங்கி நோகுது எண்டு சொல்லுவாங்க. அவங்களை ஒருத்தரும் பைத்தியம் எண்டு சொன்னதில்ல. கால் போனாலும் காலுக்குரிய மூளைப் பகுதி போறயில்ல. கண் விசயமும் அதே.

தேனாட்டுக்காரி எழுதியது:

நடுவில வாறதுக்கு மன்னிக்கோணும். எனக்கு வயது 34, கண்ணில ஒரு குறையும் இல்ல. ஆனா ரெண்டு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா இப்பிடி ஒண்டு வரும். ஃபோன் வாசிச்சுக்கொண்டு இருக்கக்குள்ள ஒரு எழுத்துக் காணாமப் போகும். மறுகா அந்த இடத்தில ஒரு சின்ன மினுக்கம். அது மெல்ல மெல்லப் பெரிசாகி, அரிவாள் வளைவில, வாள் பல்லு மாதிரிக் கூர்க்கூரா வெள்ளையும் கறுப்புமா துடிச்சுக்கொண்டு ஒரு பக்கமா விலகும். கண்ணை மூடினாலும் நிக்கும். இருபது, இருபத்தைஞ்சு நிமிசத்தில கரையால கழண்டு போயிடும். பிறகு ஒரு பக்கத் தலையிடி, சத்தி. எனக்கும் கண் போகப் போகுதா?

உயிரியல் சேர் எழுதியது:

இல்ல தங்கச்சி. ஒற்றைத் தலைவலிக்கு முன்னோடியா வாற காட்சி அது. எனக்கு இந்த விசயத்தில தனி விருப்பம், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்க.

கார்ள் லாஷ்லி எண்ட அமெரிக்க ஆராய்ச்சியாளருக்கு உங்களுக்கு வாற மாதிரியே வரும். மனிசன் படுக்காம, ஒரு புள்ளியை உத்துப் பாத்துக்கொண்டு, வளைவு எந்த நேரம் எந்த இடத்தில நிக்குது எண்டு தாளில கீறிக்கொண்டே இருந்தார். பார்வைப் புறணியின்ர அளவோட அதை ஒப்பிட்டு, ஏதோ ஒரு அலை நிமிசத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வேகத்தில பின்தலையில ஊர்ந்து போகுது எண்டு 1941இல எழுதினார். மூளையைத் திறக்காமலே! மூண்டு வருசத்தில, 1944இல, பிரேசில் நாட்டு ஆரிஸ்டிடெஸ் லெயாவோ ஹார்வார்டில முயல் மூளையில அதே வேகத்தில ஊருற அலையை நேரடியாப் பதிஞ்சு காட்டினார். முன்முனையில கலங்கள் பொங்கித் துடிக்கும், பின்னால ஓய்ஞ்சு அடங்கும். உங்களுக்கு மினுங்குற பல்லு அந்த முன்முனை. உள்ளுக்க எழுத்துக் காணாமப் போற இருட்டு அதுக்குப் பின்னால வாற ஓய்வு.

பல்லுப் பல்லாத் தெரியிறதுக்கும் காரணம் இருக்கு. முதல் பார்வைப் புறணியில ஒவ்வொரு கலமும் ஒவ்வொரு சரிவில கிடக்கிற கோட்டுக்குத்தான் எழும்பும். இதைக் கண்டுபிடிச்ச ஹியூபலுக்கும் வீசலுக்கும் 1981இல நோபல் பரிசு கிடைச்சது. அலை போற வழியில அந்தக் கலங்கள் அடுத்தடுத்துத் தட்டுப்பட, கோடு கோடாத் தெரியும். நடுவில மெதுவாத் தொடங்கி ஓரத்துக்கு வரக்குள்ள வேகமா ஓடுற மாதிரி உங்களுக்குத் தெரியும், கவனிச்சுப் பாருங்க. அலையின்ர வேகம் மாறுறயில்ல. பார்வையில நடு 10 பாகைக்கே புறணியில கிட்டத்தட்டப் பாதி இடம் போயிட்டு. ஓரத்துக்கு இடம் கொஞ்சம். அதால அலை ஓரத்துக்கு வரக்குள்ள ஒவ்வொரு மில்லிமீற்றரும் நிறைய வெளியைத் தாண்டுது.

அம்மம்மாவிட பன்பாய்க் கட்டமும் இந்தப் பகுதியிட வேலைதான். 1920களில ஹைன்ரிக் குளூவர், மெஸ்கலின் எண்ட காட்சி வரவழைக்கிற போதைமருந்து எடுத்த ஆக்களிட விவரிப்புகளைத் திரட்டினார். வலை அல்லது தேன்கூடு, சிலந்திவலை, சுரங்கம், சுருள் எண்ட நாலு வடிவம்தான் திருப்பித் திருப்பி வந்தது. எர்மென்ட்ரவுட்டும் கோவனும் 1979இல கணிதத்தால காட்டினாங்க: புறணியில நேர் நேரா வரி வரியாத் துடிப்பு எழும்பினாலே, கண்ணுக்கும் புறணிக்கும் இடையில இருக்கிற வரைபட மாற்றத்தால அது வெளியில சுருளாகவும் சுரங்கமாகவும் தெரியும். மருந்து, ஒற்றைத் தலைவலி, கண் இழப்பு எண்டு காரணம் வேற வேற. துடிக்கிற தறி ஒண்டுதான்.

உங்களுக்குக் கவனிக்க வேண்டியது ஒண்டு: நிறப் பந்துகளா, சில விநாடியிலயே, எப்பவும் ஒரே பக்கத்தில வந்து போனா அது பின்தலையில தொடங்குற வலிப்பா இருக்கலாம். அப்ப மூளையின்ர மின்துடிப்பைப் பதியிற ஈஈஜி எடுக்கச் சொல்லுவாங்க. நீங்க சொல்றது அப்பிடி இல்ல. எதுக்கும் டொக்டருக்கு ஒருக்காச் சொல்லி வைங்க. கர்ப்பத்தடைக் குளிசை எடுக்கிறதெண்டா அதையும் கட்டாயம் சொல்லுங்க.

யானைக்காவல் எழுதியது:

சேர், நாங்க படுவான்கரை. போகத்துக்குப் பரணில காவல் இருக்கிற சாதி. நிலவில்லாத ராவில, நித்திரை முறிச்சு ரெண்டு மணி மூண்டு மணிக்கு, வரம்புக்கு அங்கால யானை நிக்கும். துதிக்கை ஆடும், காது அசையும். தீப்பந்தம் எடுத்தா அது நாணல் பத்தை. எத்தனையோ தரம் இப்பிடி வெடி கொளுத்தியிருக்கன். அதுவும் இந்த வருத்தமா?

உயிரியல் சேர் எழுதியது:

வருத்தமில்ல தம்பி. உங்களுக்கு அங்க நாணல் பத்தை எண்டு ஒண்டு இருந்தது. இருக்கிறதை மூளை வேறயா வாசிச்சது மாயத்தோற்றம். ஒண்டுமே இல்லாத இடத்தில தெரியிறதுதான் பொய்க்காட்சி. பிரிச்சுச் சொல்றது சுகம், ஆனா வேர் ஒண்டுதான். மூளை கண்ணுக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறயில்ல. என்ன வரப்போகுது எண்டு முன்கூட்டியே ஊகிச்சு மேலேயிருந்து கீழ அனுப்பிக்கொண்டே இருக்கும். கண்ணால வாற தகவல் அதைத் திருத்தும். இருட்டில தகவல் குறைவு, ஊகத்தின்ர கை ஓங்கும். யானைக்குப் பயந்த ஆளுக்கு ஊகம் யானைதான். நித்திரைக் குறைவு இன்னும் தள்ளிவிடும். பத்தையை யானை எண்டு நினைச்சவன் உயிரோட வீட்டுக்குப் போவான், யானையைப் பத்தை எண்டு நினைச்சவன் போறயில்ல. அதால மூளை அந்தப் பக்கமே சாயும்.

நேராச் சொல்றவன் எழுதியது:

என்ன சேர் எல்லாத்துக்கும் ஒரு பேர் வச்சு நியாயப்படுத்துறீங்க. இல்லாததைக் காணுறதுக்குத் தமிழில ஒரு சொல்லுத்தான் இருக்கு, அது பைத்தியம். பெரியம்மா சொல்றதுதான் சரி. மனநோய் டொக்டரிட்டக் காட்டுங்க.

உயிரியல் சேர் எழுதியது:

மனச்சிதைவு வருத்தத்தில கூடுதலா வாறது குரல். ஆரோ தன்னைப் பற்றிக் கதைக்கிறாங்க, ஏவுறாங்க எண்டு வரும், ஆள் அதை நம்பும். வயசு போன ஒருத்தருக்குப் புதுசாக் காட்சி மட்டும் வந்தா முதல் பாக்க வேண்டியது கண், மூளை, உடம்பு, குடிக்கிற மருந்து. மனநல டொக்டரிட்டப் போறது குற்றமில்ல, அவரும் இதைத்தான் முதல் கேப்பார். "பைத்தியம்" எண்ட சொல்லுக்குப் பயந்துதான் எத்தனையோ கிழடுகள் வாயைத் திறக்காம இருக்குதுகள்.

நிந்தவூர்க் காக்கா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். சேர் சொல்ற மாதிரி எல்லாருக்கும் சாதுவா இருக்கிறயில்ல, அதையும் எழுதோணும்.

எங்கட வாப்பாக்குக் கண் நல்லம். முதல் ஆரோ பின்னுக்கு நிக்கிற மாதிரி இரிக்கி எண்டு திரும்பித் திரும்பிப் பாப்பார். பிறகு காலடியால பூனை ஓடுது எண்டாரு. வீட்டில பூனையே இல்ல. பிறகு மஃரிபுக்குப் பின்னால கட்டிலடியில சின்னப் பிள்ளைகள் குந்திக்கிட்டு இரிக்கிதுகள். முதல் மாசம் அவருக்கே சிரிப்பு. இப்ப அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு வைக்கல்ல எண்டு உம்மாவோட சண்டை. ஒரு நாள் நல்ல தெளிவாக் கதைப்பாரு, அடுத்த நாள் என்னையே தெரியா. கை மெல்ல நடுங்குது, நடை சுருங்கிட்டு. இதெல்லாம் வர எத்தனையோ வருசத்துக்கு முந்தியே நித்திரையில சத்தம் போட்டுக் கால் அடிப்பாரு. உம்மா வேற கட்டிலுக்குப் போனதே அதாலதான்.

லெப்பையிட்ட ஓதிப் பாத்தம். பிறகு ஒரு இடத்தில, ராவைக்குக் கூச்சல் எண்டு சொன்ன உடனே ஹலோபெரிடோல் ஊசி போட்டாங்க. விடிய மனிசன் கட்டை மாதிரி விறைச்சுப் போனார். வாய் திறக்க ஏலா, தண்ணி விழுங்க ஏலா. திரும்பி எழும்பிற்ற, அல்ஹம்துலில்லாஹ், ஆனா பழைய நடை வரல்ல. பிறகு பாத்த நரம்பு டொக்டர்தான் லூயி எண்டு ஒரு பேர் சொன்னாரு. அது என்ன?

உயிரியல் சேர் எழுதியது:

வ அலைக்கும் ஸலாம் காக்கா. நீங்க எழுதினது இந்த இழைக்கே முக்கியமானது.

லூயி உடல்கள் எண்டு சொல்றது நரம்புக் கலத்துக்குள்ள சேருற ஒரு புரதக் கட்டி. ஃபிரெடெரிக் லூயி ஜேர்மனியில 1912இல பாத்து எழுதினார். அல்பா சினுக்ளின் எண்ட புரதம் பிழையா மடிஞ்சு திரளுது. அது மூளைத்தண்டில இருந்தா கை நடுக்கமும் விறைப்பும், புறணிக்கும் பரவினா மறதியும் காட்சியும். நித்திரையில கால் அடிக்கிறது, கனவு காணக்குள்ள உடம்பைக் கட்டிப்போடுற மூளைத்தண்டுச் சுற்று பழுதாகிறதால. கனபேருக்கு அதுதான் எல்லாத்துக்கும் முந்தி வாற முன்னறிவிப்பு. சொல்லி வச்ச மாதிரி உம்மா அதைக் கண்டிருக்கா.

பொனே நோய்க்குறியில கண்ணின்ர வரத்து நிண்டது. இங்க கண் நல்லம், ஆனா நரம்புக் கலங்களுக்கிடையில செய்தி கடத்துற அசற்றைல்கோலின் எண்ட இரசாயனம் கடுமையாக் குறையுது. எது முக்கியம், எது கழிவு எண்டு கவனத்தை நிறுத்துறதுக்கு அது வேணும். பின்தலை மடலும் தன்ர சர்க்கரை எரிப்பைக் குறைச்சுப் போடுது. கவனமும் தளம்ப, பார்வையும் தளம்ப, ஊகம் வந்து இடத்தைப் பிடிக்குது. அதோட, "இது மெய்யா?" எண்டு திருப்பிச் சோதிக்கிற பகுதியும் தளரும். அதால அம்மம்மா சிரிக்கிறா, வாப்பா சோறு கேக்கிறார்.

இந்த நோயில, டோபமின் எண்ட இன்னொரு கடத்தியை அடைக்கிற ஹலோபெரிடோல் மாதிரி மருந்துக்கு உடம்பு கணிசமான ஆக்களுக்கு மோசமா எதிர்வினை காட்டும், உயிருக்கே ஆபத்தாகலாம். ரிவாஸ்டிக்மின் எண்ட, அசற்றைல்கோலினைக் கூட்டுற மருந்து பலருக்குக் காட்சியைக் குறைக்கும். டொக்டர்தான் அதைத் தீர்மானிக்கோணும். நீங்க செய்ய வேண்டியது: கிளினிக் கொப்பியின்ர முதல் பக்கத்தில "லூயி உடல் நோய், ஹலோபெரிடோல் கொடுக்க வேண்டாம்" எண்டு டொக்டரிட்டக் கேட்டுச் சிவப்பில எழுதி எடுங்க. இரவில வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினா அந்த ஒரு வரி கதைக்கும்.

வார்ட் மிஸ் எழுதியது:

சேர் எழுதினது சரி. நான் மருத்துவ வார்டில கனகாலம் வேலை செய்தவ. நாங்க கூடுதலாக் காணுறது இந்த ரெண்டும் இல்ல, உடம்பு வருத்தத்தில வாற குழப்பம். நேற்று வரைக்கும் நல்லா இருந்த அப்பா இண்டைக்குப் படுக்கை விரிப்பில எறும்பு எண்டு தட்டிக்கொண்டு இருப்பார், அந்தரத்தில நூல் பிடிச்சு இழுப்பார். சலத்தில கிருமி, காய்ச்சல், சோடியம் குறைவு, ஒபரேஷன் செய்த அடுத்த நாள், இடுப்பு முறிவு. திடீரெண்டு வந்து, நேரத்துக்கு நேரம் மாறி, ஆள் அரை மயக்கமா இருந்தா அது அவசரம். கட்டாடியாரும் வேணாம், கண் கிளினிக்குக்கு நாள் பாக்கவும் வேணாம். அன்றைக்கே கொண்டு வாங்க.

இன்னொண்டு கசிப்பு, களவா வடிக்கிற சாராயம். தினம் குடிக்கிற ஆள் ஏதோ காரணத்துக்கு நிப்பாட்டின ரெண்டாம் நாள், மூண்டாம் நாள், பாம்பு, பூச்சி, எலி எண்டு சுவரில காணுவார். உடம்பு நடுங்கும், வேர்க்கும். வீட்டில பேய் எண்டு கட்டி வைப்பாங்க. குடி இவ்வளவு நாளாக் கட்டிப்போட்ட மூளை திடீரெண்டு அவிழ்ந்து கொதிக்கிறதுதான் அது. வலிப்பு வந்து சாகிற ஆக்களும் இருக்கு. உடனே ஆஸ்பத்திரி. தயமின் ஊசி, அடக்குற மருந்து எல்லாம் இலவசமா இருக்கு. குடிக்கிறவர் எண்டதை மறைக்காமச் சொல்லுங்க, ஒருத்தரும் ஏசமாட்டம்.

கட்டாடி வீட்டுப் பேத்தி எழுதியது:

பேரில இருந்தே விளங்கும். எங்கட மூத்தப்பா கோயில் கட்டாடியார். இழையில நாலைஞ்சு பேர் எங்கட ஆக்களைக் குத்திப் போட்டீங்க, பரவாயில்ல. மூத்தப்பா ஆள் வந்தா முதல் கேக்கிறது காய்ச்சல் இருக்கா, நித்திரை இருக்கா, குடிக்கிறவரா எண்டுதான். குடிகாரன் எண்டா திருநீறு போட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு அனுப்பி விடுவார். சடங்கில உரு ஆடுறதையும் இதோட சேர்க்க வேணாம், அது வேற சங்கதி. அம்மம்மாவுக்கு நூல் கட்டினா ஒரு நட்டமும் இல்ல. ஆனா பத்தியம் எண்டு சொல்லிச் சொட்டு மருந்தை நிப்பாட்டச் சொல்ற ஆளிட்டப் போயிடாதீங்க. அப்பிடிச் சொல்ற ஆக்களும் இருக்காங்க.

உயிரியல் சேர் எழுதியது:

இதுக்கு மேல நான் ஒண்டும் சேர்க்க இல்ல. குளுக்கோமாவில போன பார்வை திரும்ப வராது. சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாத்துறது மட்டும்தான்.

ஆரையம்பதிப் பேரன் எழுதியது:

கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனன். கண் பிரஷர் கட்டுப்பாட்டில இருக்காம். இடது கண்ணில புரையும் கொஞ்சம் இருக்கு, அதை எடுத்தா வெளிச்சம் கூடும், காட்சியும் குறையலாம் எண்டு சொல்லி ஒபரேஷனுக்குப் பேர் பதிஞ்சிருக்காங்க. டொக்டர் "எத்தனை நாளாத் தெரியுது?" எண்டு கேட்டார். அம்மம்மா என்னையும் பாத்துப் பெரியம்மாவையும் பாத்து, "போன வருசப் பிறப்புக்கு முந்தியே" எண்டா! ஒரு வருசத்துக்கு மேல வாயே திறக்கல்ல.

மூளை ஸ்கானுக்கு அவசரமில்ல எண்டார். ஸ்கானில காட்சி தெரியாது, பக்கவாதமோ கட்டியோ எண்டு சந்தேகம் இருந்தாத்தானாம் எடுக்கிறது. இவவுக்கு நடை, பேச்சு, ஞாபகம் எல்லாம் சோதிச்சுப் பாத்தாங்க. ஆக்கள் வரக்குள்ள தலையை அசைக்காம கண்ணை மட்டும் இடம் வலமா மாறி மாறி ஒரு பதினைஞ்சு விநாடி ஓட்டச் சொல்லிக் குடுத்தாங்க. சில நேரம் போகுதுகள், சில நேரம் போறயில்ல. திண்ணையில பெரிய பல்ப் போட்டதுக்குப் பிறகு பின்னேர வரிசை குறைஞ்சிருக்கு. கரண்ட் பில்லுக்கு இப்ப ஏச்சு எனக்கு.

ஒரு கேள்வி அம்மம்மாவே கேக்கச் சொன்னா. "வாறதெல்லாம் தெரியாத முகமா இருக்கு. மூளைதானே செய்யிது, அப்ப உங்கட அம்மப்பாவை ஒருக்காக் காட்டினா என்ன?"

உயிரியல் சேர் எழுதியது:

அவவுக்குச் சொல்லுங்க, கேள்வி முதல் தரமெண்டு.

முகத்தின்ர உருவத்தைக் கட்டுற இடமும், இது இன்னார் எண்டு சொல்ற இடமும் ஒண்டில்ல. உருவம் மூளையின்ர அடிப்பக்கத்தில பின்னுக்குக் கட்டப்படுது. ஆள் ஆரெண்டு தெரிய அது இன்னும் முன்னுக்குப் போய், நெற்றிப்பொட்டு மடலின்ர நுனியோடயும் ஞாபகத்துக்கான பகுதிகளோடயும் சேரோணும். பொனே நோய்க்குறியில தன்பாட்டில துடிக்கிறது பின்பக்கம். கண், மூக்கு, வாய், தொப்பி எல்லாம் நிறைவா வரும், பேர் வராது. அதாலதான் பெரும்பாலான ஆக்களுக்கு வாறது முன்பின் தெரியாத முகம். சிலருக்குப் பல்லும் கண்ணும் பெரிசாகிக் கோரமா வரும், அதுவும் அந்தப் பகுதியின்ர வேலைதான். பயப்பிட வேணாம். அம்மப்பாவைக் காணுறதெண்டா ஞாபகத்தை அவவேதான் கூப்பிடோணும். அது கற்பனை. நினைச்சா வரும், வேணாமெண்டா போகும், திண்ணைக்கு வெளியில நிக்காது.

புருசன் செத்து முதல் மாசங்களில அவரை வீட்டில ஒருக்காக் கண்ட, காலடி கேட்ட ஆக்கள் கனபேர் இருக்காங்க. அது துக்கத்தோட வாறது, வேற வழி. கேட்டுப் பாருங்க, அந்த நேரம் கண்டிருப்பா.

நிந்தவூர்க் காக்கா எழுதியது:

சேர், கொப்பியில சிவப்பில எழுதி எடுத்தாச்சு. புது மருந்து தொடங்கி வாப்பா ராவைக்குக் கொஞ்சம் தூங்குறாரு. பிள்ளைகள் இன்னும் இரிக்கிதுகள், ஆனா சண்டை இல்ல. "இல்ல, இல்ல" எண்டு அவரோட வாதாடாம, "சரி வாப்பா, நான் அதுகளுக்குச் சாப்பாடு குடுக்கன்" எண்டு சொன்னா அடங்கிடுறாரு. அது பொய்யா எண்டு உம்மாக்குக் கவலை. நான் அல்லாஹ்விட்ட நானே கதைக்கன் எண்டு சொல்லிற்றன்.

வார்ட் மிஸ் எழுதியது:

ஆரையம்பதித் தம்பி, ஒண்டு கேக்க மறந்திட்டன். அம்மம்மா கண் மருந்தைத் தவிர வேற என்ன போடுறா? தடிமன் குளிசை, நித்திரைக் குளிசை, நடுக்கத்துக்குக் குடுக்கிற பென்செக்ஸோல், நோவுக்கு அமிட்ரிப்டிலின்? இதுகளெல்லாம் அசற்றைல்கோலினை அடைக்கும். வயசாளிக்குக் காட்சியையும் குழப்பத்தையும் கூட்டும்.

ஆரையம்பதிப் பேரன் எழுதியது:

பெட்டியைத் திறந்து பாத்தன் மிஸ். ராவைக்குப் பிரிட்டன் எண்ட தடிமன் குளிசை ரெண்டு போடுறா. மூக்கு ஒழுகுது எண்டு சந்திக் கடையில தானே வாங்கி வச்சிருக்கா, ஒரு அட்டை முடிஞ்சு அடுத்தது. கிளினிக்கில ஒருத்தருக்கும் சொல்லல்ல.

வார்ட் மிஸ் எழுதியது:

அதை விடச் சொல்லுங்க. மூக்குக்கு வேற மருந்து கேட்டு எடுக்கலாம். ஆக்கள் அதோட முழுக்கப் போவாங்க எண்டு எதிர்பாக்காதீங்க, கண்ணில இருக்கிற காரணம் அப்பிடியே இருக்கு. அடுத்த கிளினிக்குக்குப் போகக்குள்ள கொப்பியோட அந்த அட்டையையும் கொண்டு போங்க.